பதினைந்தாம் தேதிக்குள்

அக்காவின் வேலையைப் பறித்தது கணினி அல்ல. நீங்கள்தான்.

நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான்கு பக்கம். கோட்டுப் போட்ட படம் ஒன்று. பினாங்கில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் "நாங்கள்" சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சாஃப்ட்வேர் எழுதினோம் என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். தேதியைக் கொடுத்துக் கடிதத்தைத் தேடும் திரையைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. அந்தத் திரையில் குறை என்று ஒருவரும் உங்களிடம் வந்ததில்லையாம். ஒரே ஒரு முறை, ஓர் ஊழியர் கடைசி நாளைத் தவறவிட்டுவிட்டுப் பழியைக் கணினிமேல் போட்டாராம்.

அந்த ஊழியர் யார் என்று உங்களுக்குத் தெரியும். மலரை வாங்கியவர்களில் பல பேருக்கும் தெரியும். டத்தோ கிராமாட் பகுதியில் அவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது. அவர் மகள் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

அந்தத் திரையை எழுதியது நான். நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் வெட்டினீர்கள். எதை வெட்டினீர்கள் என்று சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர்க்காரி. பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நீங்கள் தலைவராக இருந்த கணினிப் பிரிவில் சேர்ந்தேன். மூன்று பேருக்கு நாற்காலி இருந்தது. நான்காவதாக வந்த எனக்கு ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டார்கள். தூக்கிவந்தவர்தான் அக்கா. சர்க்யூட் போர்டுகளுக்கான உதிரிப் பொருள்களைப் பதிவுசெய்யும் ஸ்டோர் குமாஸ்தா. "எந்த ஊரு? எங்க தங்கியிருக்கே?" என்று கேட்டார். பஸ்ஸும் ஃபெரியும் மாறி மாறி வருகிறேன் என்றேன். "செத்துருவலா நீ" என்றார். அடுத்த வாரம் அவர் வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தேன். அவர், அவர் கணவர், இரண்டு பெண்பிள்ளைகள், நான். காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஒரே இருக்கையில் இரண்டு பேரும் போவோம்.

நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் வேலை தேடல் திரை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நான்கு பெட்டிகள். யார் அனுப்பியது, எதைப் பற்றியது, ஆஃப்டர், பிஃபோர். கடைசி இரண்டிலும் தேதி அடிக்க வேண்டும். ஆஃப்டர் பெட்டியில் போட்ட தேதிக்குப் பின், பிஃபோர் பெட்டியில் போட்ட தேதிக்கு முன். பார்க்கச் சுலபம்.

முதல் குழப்பம் மாதத்தில் வந்தது. நாம் நாளை முன்னால் எழுதுகிறோம், அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள். இது கட்டாயம் இடிக்கும், மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போடுவோம் என்று சொன்னேன். "முதல்ல ஓட்டு, அப்புறம் அலங்காரம்" என்றீர்கள். ஒரு மாதம் கழித்து அமெரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஏப்ரல் ஐந்தை நினைத்து 4/5 என்று அடித்தார், திரை மே நான்காம் தேதிக் கடிதங்களைக் காட்டியது. அவர் முழித்தார். அன்று சாயந்தரமே என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "மாசத்த எழுத்துல போடும்மா. மனுஷன குழப்புற திரை திரையே இல்ல." என் வாயிலிருந்து வந்ததை எனக்கே திருப்பிச் சொன்னீர்கள். பரவாயில்லை. மாற்றினேன்.

அப்போது ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கோட்டுப் போட்டவன் குழம்பினால் அது திரையின் தப்பு. ஸ்டோர்க்காரி குழம்பினால் அது ஸ்டோர்க்காரியின் தப்பு.

இரண்டாவது குழப்பம் அதைவிட மோசம். கணினிக்கு மார்ச் 15 என்பது ஒரு நாள் அல்ல, ஒரு நொடி. பதினான்காம் தேதி முடிந்து பதினைந்து பிறக்கிற அந்த ஒரு நொடி. பிஃபோர் 15 என்று அடித்தால் அந்த நொடிக்கு முன்னால் வந்த கடிதங்களை மட்டும் காட்டும். பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்தது வெளியே. மத்தியானம் வந்ததும் வெளியே. அந்த நாள் முழுக்க வெளியே. அப்படித்தான் நானும் எழுதியிருந்தேன். இங்கிலீஷ் அகராதியைப் பார்த்தால் அது தப்பும் இல்லை.

ஆனால் நம் ஆட்கள் தேதியை அப்படிப் பேசுவதில்லை. நாம் "குள்ள" என்கிறோம். "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடு" என்றால் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை நேரம் இருக்கிறது. டெய்லர் "தீபாவளிக்குள்ள தச்சுத் தரேன்" என்கிறான். தீபாவளியன்று காலையில் எண்ணெய்த் தலையோடு அவன் கடை வாசலில் போய் நிற்கிறோம். அவனைத் திட்டுகிறோம், ஆனால் பொய்யன் என்று சொல்வதில்லை. சொன்ன நாளுக்குள் தந்துவிட்டான். நம் "குள்ள"வில் அந்த நாளும் உண்டு. அந்த நாள்தான் முக்கியமான நாள்.

இது எனக்குத் தானாகத் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் அக்காவையும் அவரோடு வேலைசெய்த இரண்டு பேரையும் உட்காரவைத்து, திரையைப் பழகச் சொன்னேன். கையில் கறிபாப் பலகாரத்தோடு உட்கார்ந்தார்கள். "பத்தாந்தேதிக்குள்ள வந்த லெட்டரெல்லாம் எடுங்க" என்றேன். மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராக, யோசிக்காமல், பிஃபோர் பெட்டியில் 10 என்று அடித்தார்கள்.

பத்தாம் தேதி புதன்கிழமை. அன்று அக்காவுக்கு ஏழு கடிதங்கள் வந்திருந்தன. திரையில் அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"என்னலா இது, என் புதன்கிழமையக் காணோம்?" என்றார் அக்கா.

பக்கத்தில் இருந்தவர், "கம்ப்யூட்டருக்கு புதன்கிழமை லீவுக்கா. டாக்டர்கிட்ட எம்சி எடுத்துருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "பத்துக்குள்ளன்னா பத்தும் சேத்துதானே? இது ஏன் பத்த முழுங்குது? முழுங்குனா முழுங்கிட்டேன்னு சொல்லணும்ல?"

அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் சரியான வாக்கியம். திரை எதை எடுத்தது, எதை விட்டது என்று சொல்லவே இல்லை. சும்மா ஒரு பட்டியலைக் காட்டியது. பட்டியலைப் பார்த்தவன் அதுதான் முழுசு என்று நம்புவான்.

இரண்டு நாளில் புதிதாக வரைந்தேன். ஆஃப்டர், பிஃபோர் இரண்டையும் தூக்கிவிட்டேன். "இந்த நாளிலிருந்து", "இந்த நாள் வரை" என்று இரண்டு பெட்டிகள். இரண்டு நாளும் கணக்கில் சேரும். கீழே ஒரு முழு வாக்கியம். தேடலை முடித்ததும் கணினி தான் புரிந்துகொண்டதைத் தானே சொல்ல வேண்டும். மார்ச் 1 தொடக்கம் முதல் மார்ச் 15 முடிவு வரை வந்தவை, இரண்டு நாளும் சேர்த்து என்று. அதை இங்கிலீஷில் எழுதித் தாளில் படமாக வரைந்து உங்களிடம் கொண்டுவந்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தீர்கள்.

"இது என்னம்மா, திரையா, கதையா?"

"தேடுனது என்னன்னு சொல்லுது சார்."

"ஒரு வரிக்கு எம்பது எழுத்துதான். எடம் எங்க இருக்கு?"

"அறுவத்தெட்டு எழுத்துதான் சார். எண்ணிட்டேன்."

"எண்ணியே வெச்சுருக்கியா!" சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினீர்கள். "பிஃபோர்னா பிஃபோர். இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்கதான் சார் தப்பா அடிச்சாங்க. ஸ்டோர்ல மூணு பேர்."

"ஸ்டோர்!" என்றீர்கள். கதவுக்கு வெளியே இருந்த மற்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக. "ஸ்டோர்காரங்க படிக்கறதுக்கா நாம சாஃப்ட்வேர் எழுதறோம்? அவங்க ஸ்க்ரூவ எண்ணட்டும்."

அந்த வாக்கியத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டீர்கள். பெட்டிகளின் மேலும் போட்டீர்கள். பழைய திரை அப்படியே போனது, எல்லாப் பிரிவுக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேலை உறுதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். வாயை மூடிக்கொண்டேன். இதையும் எழுதிவைக்கிறேன். என்னை நல்லவளாகக் காட்ட இதை எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து ஓர் உற்பத்தி வரிசையை மூடப்போகிறோம் என்றார்கள். அந்த வரிசைக்கான ஸ்டோரும் மூடப்படும். வேலையில் தொடர விரும்புகிறவர்கள் பிறை ஊரில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு மாறிக்கொள்ளலாம். மார்ச் பதினைந்தாம் தேதியன்றோ அதற்கு முன்போ ஆள்வளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவிக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் இங்கிலீஷிலும் மலாயிலும் ஒட்டியிருந்தார்கள். தமிழில் இல்லை. அதனால் ஆள்வளப் பிரிவுக் குமாஸ்தா அண்ணன் ஒருவர் கேன்டீனில் எழுந்து நின்று வாயால் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கங்க. பிறைக்குப் போறவங்க பதினஞ்சாந்தேதிக்குள்ள மெயில் போட்டுடணும். அப்புறம் அண்ணே அண்ணேன்னு என் சட்டையப் புடிக்கக்கூடாது."

அக்கா உடனே போடவில்லை. பிறை என்றால் அக்கரை. ஃபெரி, அப்புறம் ஒரு பஸ். அங்கே ஷிஃப்ட் மாறி மாறி வரும். மூத்தவளுக்கு அந்த வருடம் ஐந்தாம் படிவப் பரீட்சை. கணவர், "உன்னால முடியாது, சூசா, ரொம்ப கஷ்டம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தினமும் சமைத்துக்கொண்டே பேசிப் பார்த்தார். பதினொரு வருடம் அந்த ஸ்டோரில் இருந்தவர். வேறு வேலை தேடினால் மறுபடி கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். பதினைந்தாம் தேதி காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே "சரி, போ" என்றார்.

அன்று சாயந்தரம் பஸ்ஸில் அக்கா என் தொடையில் தட்டினார். "அனுப்பிட்டேன்டி. மூணு மணிக்கு. மூணு தடவ படிச்சுப் பாத்துதான் அனுப்புனேன்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன்.

பதினெட்டாம் தேதி பிறைக்குப் போகிறவர்களின் பட்டியலை பஞ்ச் கார்டு மெஷின் பக்கத்தில் ஒட்டினார்கள். அக்கா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தார். பின்னால் நின்ற ஒருத்தி, "என்னக்கா, மறந்துட்டீங்களா?" என்றாள். அக்கா நேராக ஆள்வளப் பிரிவுக்குப் போனார். அங்கே நடந்ததை வீட்டுக்கு வந்தபின்தான் சொன்னார்.

அண்ணன் அவருக்குத் திரையையே திருப்பிக் காட்டியிருக்கிறார். "பாருங்க, நான் என்ன மறைக்கவா போறேன்? பிஃபோர், பதினஞ்சு மார்ச். இந்தா வந்துருக்கு எல்லாரு மெயிலும். உங்களோடது எங்க?"

"நான் அனுப்புனேண்ணே."

"அனுப்புனா இருக்கணும்ல? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சுற்றி நின்றவர்கள் அக்காவைப் பார்த்த பார்வையை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவர் அரிசி கழுவிய விதத்திலேயே தெரிந்தது. கணவர் கூடத்திலிருந்து சமையலறை வாசலுக்கு வந்தார்.

"அனுப்புனியா இல்லியா? உண்மையச் சொல்லு."

அக்கா திரும்பவில்லை. "அனுப்புனேன்."

"போகப் புடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம்ல. நான்தான் சரின்னேன்ல. எதுக்கு நாடகம்?"

அக்கா பானையைச் சிங்கில் போட்டார். சத்தம் கேட்டு சின்னவள் ஓடிவந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பிஃபோர் பதினைந்து என்று அக்கா சொன்ன அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, உங்க மெயில் உள்ளதான் இருக்கு" என்றேன். "நாளைக்குக் காலையில எடுத்துத் தரேன்."

அவர் என்னையும் நம்பவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆள்வளப் பிரிவில் இருந்தேன். அண்ணன் பால் விடாத காப்பி ஓ கலக்கிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பிஃபோர் பெட்டியில் 16 என்று அடித்தேன். பட்டியல் நீண்டது. அக்காவின் கடிதம். பதினைந்து மார்ச், மூன்று மணி. அதோடு அதே நாளில் வந்த இன்னும் நான்கு பேரின் கடிதங்கள்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "ஐயோ தங்கச்சி. பதினஞ்சுக்குள்ளன்னு தானேலா பாத்தேன்?"

"கம்ப்யூட்டருக்குக் குள்ள தெரியாதுண்ணே."

"அத ஏன் அதுல எழுதி வெக்கல?"

அந்தப் பட்டியலை அச்சடிக்கக் கொடுத்தேன். மெஷின் கறகறவென்று தாளைத் தள்ளியது.

"இத மேனேஜர்கிட்ட காட்டுங்கண்ணே."

அவர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லிஸ்ட்ல அவரு கையெழுத்துப் போட்டாச்சு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு பிறைக்கு ஃபேக்ஸ் போகுது. இப்ப நான் இதக் கொண்டுபோனா என்ன கேப்பாரு தெரியுமா? நேத்து இல்லாத மெயில் இன்னிக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. யாரு எடுத்தான்னு கேப்பாரு. நீ எந்த வீட்டுல தங்கியிருக்கே? கம்ப்யூட்டர்காரப் புள்ள அவளே உள்ள போட்டுட்டான்னு முடிச்சுருவாரு. ஒன்னு செய். உங்க சார் ரெண்டு வரி எழுதித் தரட்டும். அந்தத் திரை கடைசி நாள விட்டுடுதுன்னு. அவரு கையெழுத்து இருந்தா மேனேஜர் லிஸ்ட்டத் தொறப்பாரு. அஞ்சு பேரையும் சேத்துருவோம்."

இரண்டு வரி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நீங்கள் பதினொரு மணிக்கு வந்தீர்கள். வந்ததும் உள்ளே வந்தேன். தாளைக் கொடுத்தேன். ஐந்து பெயர்களின் கீழும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன், அண்ணன் கேட்ட இரண்டு வரியையும் சொன்னேன். நீங்கள் படித்தீர்கள். வேகமாகப் படித்தீர்கள். பிறகு மறுபடி மெதுவாக.

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"இத வேற யாரு பாத்தா?"

"அந்த அண்ணன் மட்டும் சார்."

"ரெண்டு வரி எழுதணுமாம். எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த மாசம் தலைமை அலுவலகத்துல இந்த சாஃப்ட்வேர மத்த நாட்டுக்கும் எடுத்துக்கலாமான்னு பேசப்போறாங்க. கடைசி நாள முழுங்குற சாஃப்ட்வேர்னு நானே கையெழுத்துப் போடவா?"

"அஞ்சு பேரு வேலை சார்."

"அடிக்கத் தெரியாதவன் அடிச்சான். யூசர் எரர். இதுல நம்ம தப்பு எங்க வந்துச்சு?"

"நான் வரைஞ்சு கொண்டுவந்தேன் சார். நீங்க வெட்டுனீங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து வெளியே வைத்தீர்கள். அதன்மேல் என் பெயர். "உன்னோட கன்ஃபர்மேஷன் இந்த வாரம் போகணும். நீ அந்தம்மா வீட்டுல குடியிருக்கேன்னு எனக்குத் தெரியும். இதுல நீ தலையிட்டா பாக்கறவன் என்ன நெனைப்பான்? நீ ஆள்வளப் பிரிவுப் பக்கம் போகாதே. தாள வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். நான் நம்பினேன் என்று சொன்னால் பொய். நம்ப வேண்டும் என்று விரும்பினேன். தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்கு உங்கள் கதவுக்கு முன்னால் நடந்தேன். நீங்கள் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான்கு மணிக்கு மறுபடி நடந்தேன். அறை காலி. நாலரைக்கு எழுந்து நின்றேன். ஆள்வளப் பிரிவு ஒரு மாடி கீழே. நாற்பது படி. மேனேஜரின் கதவைத் தட்டி, இந்தத் திரையை எழுதியவள் நான், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். என்னையும் வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர், "என்ன, நிக்கறே?" என்றார். "ஒன்னுமில்ல" என்று உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு ஃபேக்ஸ் போனது. அக்காவின் பெயர் இல்லை. அந்த நான்கு பேரின் பெயரும் இல்லை.

அன்று சாயந்தரம் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் மெயிலு இருக்கு" என்றார்.

"இருக்குக்கா. நான் பாத்தேன்."

"வேலை போனா போவுது. நான் பொய் சொல்லலன்னு யாராச்சும் நாலு பேரு முன்னாடி சொல்லணும். நீ சொன்னா எங்க வூட்டுக்காரரு நம்பமாட்டாரு. நீ என் வூட்டுப் புள்ள. உங்க சாரு சொல்லணும்."

மாதக் கடைசியில் அக்கா வெளியேறினார். என் உறுதிக் கடிதம் அதே வாரம் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை என் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "அந்த பிஃபோர்ல அந்த நாளும் சேர்ற மாதிரி மாத்திடு. மாத்துனத எல்லாம் பதியற புத்தகத்துல எழுத வேண்டாம்." தப்பே இல்லாத திரையை ஏன் மாற்றச் சொன்னீர்கள்? புத்தகத்தில் ஏன் எழுதக் கூடாது என்றீர்கள்? நான் மாற்றினேன். முழு வாக்கியத்தையும் கீழே சேர்த்தேன், அறுபத்தெட்டு எழுத்து. இந்த முறை நீங்கள் எண்ணவும் இல்லை, வெட்டவும் இல்லை. மலரில் நீங்கள் புகழ்ந்து எழுதியிருப்பது அந்தத் திரையைத்தான்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உங்களிடம் வேலை செய்தேன். ஒரே ஒரு முறை கேட்டேன், அந்தத் தாள் என்ன ஆனது என்று. "கீழ அனுப்புனேன், அவங்க தொலைச்சுட்டாங்க" என்றீர்கள். அண்ணனைப் போய்க் கேட்டேன். "உங்க சார்கிட்டருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரலலா. நான் அஞ்சு மணி வரைக்கும் ஃபேக்ஸ் மெஷின் பக்கத்துலயே நின்னேன்" என்றார். இப்போது மலரில் மூன்றாவது கதை. ஒருவரும் உங்களிடம் வரவே இல்லையாம்.

அக்கா துணிக்கடையில் சேலை மடித்து வைக்கும் வேலைக்குப் போனார். முதல் நாளே அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள் ஒருத்தி எப்படி மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாளாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்க முடியாதது வேறு. வீட்டில் எதற்குச் சண்டை வந்தாலும், கேஸ் தீர்ந்ததென்று சொன்னாலும், மகள் ட்யூஷனுக்குப் போனாள் என்று சொன்னாலும், கணவர் கேட்பார்: "நெசமாவா? அந்த மெயில் மாதிரியா?" ஒரு கேலிபோலத்தான் கேட்பார். நான் அந்த வீட்டை விட்டு வந்தபின்னும் அது நிற்கவில்லை. போன வாரம் மகள் உங்கள் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது கணவர், "பாத்தியா, அவரே எழுதிட்டாரு" என்றாராம்.

நான் அவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நான் அந்த வீட்டுப் பிள்ளை, என் பேச்சு எடுபடாது என்று அக்கா அன்றே சொன்னார். அது சரியாகத்தான் இருக்கிறது.

சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. மேடையில் உங்களுக்கு நாற்காலி உண்டு, மைக்கும் உண்டு. இதன் ஒரு பிரதியைச் செயலாளருக்கும் கொடுத்துவிட்டேன். எனக்குத் தனியாகக் கடிதம் போடாதீர்கள். ஃபோன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டேன். யாரையும் சமாதானம் பேச அனுப்பாதீர்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் கணவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் உட்காருவோம். எழுந்து நின்று, உங்கள் வாயால், எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அன்று பதினொரு மணிக்கு நான் உங்கள் மேசையில் வைத்த தாளை என்ன செய்தீர்கள்? கீழே அனுப்பினீர்கள் என்றால் யார் கையில் கொடுத்தீர்கள்? அனுப்பவில்லை என்றால், அந்த ஐந்து பேரும் பதினைந்தாம் தேதிக்குள் எழுதியிருந்தார்கள் என்று அக்காவின் கணவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.